அய்டன் கத்தியோசை

வட கரோலினாவின் கிழக்கே, அய்டன் என்னும் சிற்றூரின் ஸ்கைலைட் இன் உணவகத்தில், ஓக் மரத் தணலின் மந்தமான உஷ்ணத்தில் இரவெல்லாம் கிடந்து பதமான முழுப் பன்றியின் மாமிசத்தை, இரு கைகளிலும் கனத்த கத்தி பிடித்தவர் மரக்கட்டைமேல் லயம் பிசகாமல் கொத்தும் ஓசை, பசியோடு வரிசையில் நிற்கும் யாத்ரிகரின் செவிக்கே முதல் விருந்தாகிறது. மிருதுவான மாமிசத்தில் மொறுமொறுத்த தோலும் பொடிந்து கலக்க, வினிகரும் காரமும் சேர்த்து, சோள ரொட்டியோடு தருகிறார்கள். கொழுப்பின் கனத்தை அந்தப் புளிப்பு எத்தனை நேர்த்தியாகத் தணிக்கிறது!

வெளியூரார் தக்காளி சாஸைத் தேடுவதுண்டு; உள்ளூர்வாசிகளோ அதனை மேற்கேயுள்ள லெக்சிங்டன்காரருக்கு விட்டுவிட்டுத் திருப்தியோடு உண்கிறார்கள். தணல் காத்து விழித்திருந்தவரின் சிரத்தை முதற் கவளத்திலேயே தெரியும். அங்கே செல்ல வாய்த்தால், மேலும் சாஸ் ஊற்றுமுன் தந்தபடியே ஒரு வாய் உண்டு பாருங்கள்.