நாம் வாசிக்காமல் தாண்டிப் போகும் 16ஆம் உறுப்புரை

1978ஆம் ஆண்டு அரசியல் யாப்பை வைத்திருப்பதா, மாற்றுவதா என்ற விவாதத்தில் நம்மவர்கள் எழுதியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், மூன்று விடயங்களே திரும்பத் திரும்ப வருகின்றன: நிறைவேற்று ஜனாதிபதி முறை, தேர்தல் முறை, வடக்கு கிழக்கு இணைப்பு. மூன்றும் முக்கியம்தான். ஆனால் நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும் 16ஆம் உறுப்புரையைப் பற்றிப் பேச்சு மிகக் குறைவு.

யாப்பின் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைச் சொல்கிறது. 12ஆம் உறுப்புரையின்படி சட்டத்தின் முன் யாவரும் சமம். இனம், மதம், மொழி, பால் என்று பாரபட்சம் காட்டக் கூடாது. நாலு உறுப்புரை தள்ளி வரும் 16, ஏற்கெனவே இருந்த சட்டங்கள் இந்த உரிமைகளோடு பொருந்தாவிட்டாலும் செல்லும் என்கிறது. முன்னால் கொடுத்ததைப் பின்னால் வாங்கிக்கொள்கிற வாக்கியம் இது. கண்டியச் சட்டம், தேசவழமை, நமது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் எல்லாம் இந்தக் குடைக்குள்தான் நிற்கின்றன.

1951இன் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. பெண் காதியாக முடியாது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் திருமணத்தையும் காதி அனுமதித்தால் பதியலாம். 1995இல் பொதுச் சட்டத்தில் திருமண வயது 18 ஆனபோது நம் பிள்ளைகள் அதற்கு வெளியே விடப்பட்டார்கள். இதனால் பாதிக்கப்பட்ட ஒருத்தி, "இந்தச் சட்டம் என்னைச் சமமாக நடத்தவில்லை" என்று உயர் நீதிமன்றம் போனால் 16 குறுக்கே நிற்கும்.

2020இல் ஜனாஸாக்களை எரித்தபோது நாமும் அடிப்படை உரிமை என்று சொல்லித்தானே அதே நீதிமன்றத்துக்குப் போனோம்? டிசம்பர் 1ஆம் திகதி, மேற்கொண்டு விசாரிக்க அனுமதி மறுக்கப்பட்டது. கதவு சாத்தப்பட்ட வலியை அறிந்த சமூகம், தன் பெண்பிள்ளைக்கு அதே கதவைச் சாத்திவைக்கச் சொல்வது என்ன நியாயம்?

"யாப்பு மாறினா மாறட்டும், எங்கட சட்டத்தில கை வைக்காட்டிச் சரி" என்பவர்களின் பயம் பொய்யானதல்ல. 2021இல் 'ஒரே நாடு, ஒரே சட்டம்' செயலணிக்கு ஞானசார தேரரைத் தலைவராக்கியதை யார் மறப்பார்? ஆனால் அந்தப் பயத்துக்கு 16 மருந்தாகாது. பாராளுமன்றம் நினைத்தால் சாதாரண பெரும்பான்மையால் 1951இன் சட்டத்தையே நீக்கலாம். 16 அதைத் தடுக்காது. அது சட்டத்தைக் காப்பது நியாயம் கேட்டு வரும் நம் பிள்ளையிடமிருந்து மட்டுமே.

2009இல் அமைக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது, அதுவும் இரண்டாகப் பிரிந்து. நாமாகத் திருத்தக் கிடைத்த காலம் அப்படிக் கழிந்தது.

தேசிய மக்கள் சக்தி 2024இல் புதிய யாப்பொன்றை வாக்களித்தது. நகல் வெளிவரும் நாளில் எத்தனை ஆசனம் என்று எண்ணுவதற்கு முன், அடிப்படை உரிமை அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்போம். மதச் சுதந்திரத்தை உறுதியாகக் கேட்போம். 16 வேண்டாம் என்றும் சேர்த்தே கேட்போம். இரண்டாவதைக் கேட்கத் தயங்கினால், முதலாவதைக் கேட்கும் நம் குரலும் வலுவிழந்துதான் போகும்.