சங்கபுஷ்பி: ஒரு பெயர், நாலு செடி

சங்கபுஷ்பி பற்றி நான் இணையத்தில் படித்த தமிழ்க் கட்டுரைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவை. மேலே நீலச் சங்குப்பூவின் படம் இருக்கும். கீழே, ராஜஸ்தான் பாலைவனத்தில் தானாக முளைக்கும் அரிய மூலிகை என்று ஒரு வரி. அப்புறம் சரகர் சொன்னது, எலிகளில் நடந்த ஆய்வு, கடைசியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரத்தில் காலையும் மாலையும் ஒரு ஸ்பூன். படிக்கும்போது எதுவும் உறுத்தாது. ஆனால் படத்தில் இருப்பது ஒரு செடி, பாலைவனத்தில் இருப்பது வேறொரு செடி, நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கைக்கு வரக்கூடியது மூன்றாவது செடி. மூன்றின் புகழும் ஒரே கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

முதலில் பாலைவனத்துச் செடியைப் பார்த்துவிடலாம். கன்வால்வுலஸ் புரோஸ்ட்ரேட்டஸ் என்பது இன்றைய தாவரவியல் பெயர். ஆயுர்வேத நூல்களில் இன்னமும் கன்வால்வுலஸ் ப்ளூரிகாலிஸ் என்ற பழைய பெயரே ஓடுகிறது, இரண்டும் ஒன்றுதான். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் குடும்பம். தார் பாலைவனத்தில் மணலும் சரளையும் கலந்த தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். மெல்லிய கிளைகள், குறுகிய சிறு இலைகள், அவற்றின் மேல் பட்டுப் போன்ற ரோமம். வெயிலில் தண்ணீர் இழப்பைக் குறைக்க அந்த ரோமம் உதவுகிறது. மண்ணுக்குக் கீழே கட்டைபோல் தடித்த வேர்ப்பகுதி வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழை பெய்ததும் அதிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். பூ சின்னது, புனல் வடிவம், வெள்ளை அல்லது லேசான இளஞ்சிவப்பு. ஆடுமாடுகளும் மேயும்.

இந்தப் பெயரை வைத்தவர் ஆயுர்வேதத்தோடு சம்பந்தமே இல்லாத ஆள். லின்னேயஸின் மாணவரான ஃபோர்ஸ்கால், டென்மார்க் அரசர் அனுப்பிய குழுவோடு எகிப்துக்கும் அரேபியாவுக்கும் போய்ச் செடி சேகரித்தவர். 1763-ல் ஏமனில் இறந்துபோனார். அவர் எழுதி வைத்த குறிப்புகள் 1775-ல் நூலாக வந்தன. அதில் இந்தச் செடி இருக்கிறது. அதாவது இது தார் பாலைவனத்துக்கு மட்டும் சொந்தமான "அரிய" மூலிகை அல்ல. அரேபியா, ஆப்பிரிக்க வறண்ட நிலம் வரைக்கும் பரவிக் கிடக்கும் சாதாரணக் களைதான். கடுமையான நிலத்தில் வளர்வதால் வீரியம் அதிகம் என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பாலைவனத்தில் வளரும் எல்லாச் செடிக்கும் இதைச் சொல்லலாம் என்பதால் எதையும் விளக்காத வாக்கியம் அது.

சரி, சரகருக்கு வருவோம். சரக சம்ஹிதையின் சிகிச்சை ஸ்தானம் முதல் அத்தியாயத்தில், ரசாயனம் என்ற பகுதியில், அறிவை வளர்க்கும் நாலு மருந்துகள் வருகின்றன. மண்டூகபர்ணி என்ற வல்லாரையின் சாறு, பாலோடு அதிமதுரப் பொடி, சீந்தில் சாறு, சங்கபுஷ்பியை அரைத்த விழுது. நாலிலும் சங்கபுஷ்பி விசேஷமானது என்று தனியாக ஒரு வார்த்தையும் உண்டு. வலிப்பு நோய்க்கான அத்தியாயத்தில் பிரமி நெய்யில் வசம்பு, கோஷ்டத்தோடு இதுவும் சேர்கிறது. ஆக, பெரிய இடத்துச் சரக்கு என்பதில் சந்தேகமில்லை.

பிரச்னை என்னவென்றால், அந்த இடத்தில் செடி எப்படி இருக்கும் என்ற விவரம் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை. சீடனைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கைநீட்டிக் காட்ட ஆசிரியர் இருந்தார். நூல் ஊர் ஊராகப் பயணம் போனது, அந்தக் கை கூடப் போகவில்லை. மிச்சம் இருப்பது பெயர் மட்டும். சங்கு போன்ற பூ உடையது. சங்கு போன்ற பூ எந்த ஊரில்தான் இல்லை?

வடக்கே கன்வால்வுலஸ். இந்திய அரசின் ஆயுர்வேத பார்மகோபியாவும் இதைத்தான் சங்கபுஷ்பி என்று ஏற்றிருக்கிறது. வங்காளத்தில் கான்ஸ்கோரா என்ற, ஈர நிலத்தில் வளரும், வேறு குடும்பத்துச் செடி. கேரளத்தில் சங்குபுஷ்பம் என்றால் நம்ம வேலியில் ஏறும் காக்கணம், க்ளிட்டோரியா டெர்னேட்டியா. அது அவரைக் குடும்பம். நாலாவது எவால்வுலஸ் அல்சினாய்டெஸ், தமிழில் விஷ்ணுகிரந்தி. இது மட்டும் பாலைவனத்துச் செடிக்கு நெருங்கின சொந்தம். எவ்வளவு நெருக்கம் என்றால், லின்னேயஸே 1753-ல் இதைக் கன்வால்வுலஸ் என்றுதான் எழுதினார். பிறகுதான் தனியே பிரித்தார். பூவை உரித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கன்வால்வுலஸில் ஒரே சூல்தண்டு, நுனியில் இரண்டாகப் பிரியும். எவால்வுலஸில் அடியிலேயே இரண்டு தண்டு, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரியும். பூவும் பெரும்பாலும் நீலம். ஆனால் காய்ந்து நொறுங்கி மூட்டையில் வரும் சரக்கில் சூல்தண்டை எங்கே போய் எண்ணுவது?

இதுக்கு மேல ஒரு கூத்து. பதினாறாம் நூற்றாண்டு பாவப்பிரகாசத்தில் விஷ்ணுகிராந்தா என்ற சொல் வருகிறது. அங்கே அது அபராஜிதா என்ற செடிக்கு மறுபெயர். அபராஜிதா என்பது காக்கணம்! கேரளத்திலோ விஷ்ணுகிராந்தி எவால்வுலஸ்தான். தசபுஷ்பம் என்ற பத்து மங்கலச் செடிகளில் ஒன்று. அங்கே யாரும் அதைச் சங்குபுஷ்பத்தோடு குழப்பிக்கொள்வதில்லை. ஆக, வடமொழி நூலின் விஷ்ணுகிராந்தா நம்ம காக்கணம். நம்ம விஷ்ணுகிரந்தி சிலருக்குச் சங்கபுஷ்பி. நம்ம சங்குப்பூ மலையாளிகளுக்குச் சங்கபுஷ்பி. அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர் இந்த வட்டத்தில் எங்கே நுழைந்தாலும் தப்பான வாசலில் வெளியே வருவார். (குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் கருவிளை, செருவிளை என்று காக்கணத்தின் நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. ஒரே செடிக்கு நிறத்தைப் பார்த்து இரண்டு பெயர் வைத்த மொழியில், நாலு செடிக்கு ஒரு பெயர் போதும் என்று இப்போது எழுதுகிறோம்.)

"எல்லாமே மூளைக்கு நல்லதுதானே, எதுவானால் என்ன?" என்று ஒரு பதில் உண்டு. மாற்றுச் சரக்கு என்பது வைத்தியத்தில் பழைய வழக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாற்று என்று தெரிந்து போடுவது வேறு, பெயர் ஒன்றாக இருப்பதால் போட்டுவிடுவது வேறு. காக்கணத்தின் வேரும் விதையும் பேதிக்குக் கொடுக்கப்பட்டவை. கேரள வைத்தியர்கள் எடுப்பது வேர்; வடக்கே எடுப்பது வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் சேர்ந்த முழுச்செடி. நம்ம ஊரில் விஷ்ணுகிரந்தி முக்கியமாகக் காய்ச்சலுக்கான குடிநீரில் போகிறது. அளவும் அனுபவமும் வெவ்வேறு.

அதற்காக, "பார்மகோபியாவில் இருப்பதே அசல், மலையாளிகள் செய்வது போலி" என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அரசுக் குழு ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தது நிர்வாகத் தேவை. மருந்துக்குத் தரம் நிர்ணயிக்க ஏதாவது ஒன்றில் கால் ஊன்ற வேண்டும். அதனால் சரகர் கையில் இருந்த செடி இதுதான் என்று நிரூபணம் ஆகிவிடாது. கேரளத்தில் தலைமுறைகளாகக் காக்கண வேரைக் கொடுத்து, பலனைப் பார்த்து, அளவைத் திருத்தி வைத்திருந்தால் அது அந்தச் செடியைப் பற்றிய அறிவு. அதற்கு உரிய மரியாதை கொடுக்க வேண்டும். அந்த அறிவைத் தூக்கி ராஜஸ்தான் செடியின் தலையில் வைப்பதும், ராஜஸ்தான் செடியின் ஆய்வைத் தூக்கி நீலச் சங்குப்பூ டீயில் கலப்பதும்தான் என் புகார்.

ஆய்வுகள் என்னதான் சொல்கின்றன? அடிக்கடி வரும் சோதனை இப்படி: எலிக்கு ஸ்கோபோலமைன் என்ற மருந்தைக் கொடுத்து மறதியை உண்டாக்குவார்கள். அது அசிடைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும். பிறகு செடியின் சாராயச் சாற்றைக் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியிலோ உயரமான பாதையிலோ எலி வழி கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். பலன் தெரிந்ததாகக் கட்டுரைகள் உண்டு. நான் அதை ஒதுக்கவில்லை. ஆனால் மருந்து கொடுத்து மறக்கவைத்த எலி ஓரளவு தேறுவதும், ஆரோக்கியமான பத்தாம் வகுப்புப் பையன் கணக்கில் கூடுதல் மார்க் வாங்குவதும் ஒன்றா? இன்னொன்று, சரகர் சொன்னது அரைத்த விழுது. சோதனையில் சாராயச் சாறு. கடையில் சர்க்கரைப் பாகு. மூன்றையும் ஒரே பத்தியில் எழுதினால் தொடர்ச்சி இருப்பதுபோல் தோன்றுகிறது, அவ்வளவே.

ஸ்கோபோலெட்டின் என்ற வேதிப்பொருள் இருக்கிறதா என்று பார்த்துச் சரக்கின் தரத்தைச் சொல்லும் பழக்கமும் உண்டு. (மேலே வந்த ஸ்கோபோலமைன் வேறு, பெயர் ஒற்றுமை மட்டும்.) அந்தப் பொருள் கன்வால்வுலஸிலும் இருக்கிறது, எவால்வுலஸிலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக்காட்ட அது எப்படி உதவும்?

இத்தனையும் வெறும் பெயர்ச் சண்டை என்று நினைப்பவர்கள் ஒரு கட்டுரையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1992-ல் ஜர்னல் ஆஃப் எத்னோஃபார்மகாலஜியில் மும்பை ஆய்வாளர்கள் எழுதியது. வலிப்புக்குப் பெனிட்டாயின் மாத்திரை எடுத்துவந்த இரண்டு நோயாளிகளுக்குக் கட்டுக்குள் இருந்த வலிப்பு திரும்ப வந்தது. இரண்டு பேரும் சங்கபுஷ்பி என்ற பெயரில் விற்ற ஆயுர்வேத சிரப்பும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எலிகளில் சோதித்தபோது, தொடர்ந்து சிரப் கொடுத்தால் ரத்தத்தில் பெனிட்டாயின் அளவு குறைந்தது. ஒரே ஒரு வேளை கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை. அந்தச் சிரப் ஒரே மூலிகை அல்ல, பல மூலிகைகளின் கலவை. எந்தச் சரக்கு இதைச் செய்தது என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

வலிப்புக்கு என்று பழைய நூல் சொல்லும் மருந்தின் பெயரில் விற்றது, வலிப்பு மாத்திரையின் வேலையைக் கெடுத்திருக்கிறது. இதை வைத்து "ஆயுர்வேதமே ஆபத்து" என்று எழுதுவது சோம்பேறித்தனம். ஆனால் இதைச் சொல்லாமல், பக்கவிளைவே இல்லாதது என்று எழுதுவது சோம்பேறித்தனத்தை விட மோசம். நான் படித்த தமிழ்க் கட்டுரைகள் ஒன்றில்கூட இந்தத் தகவல் இல்லை. ஞாபக மறதி அதிகம் இருக்கிறதே என்று இந்த சிரப்பைத் தேடுபவர்களில் வலிப்பு மாத்திரை எடுப்பவர்களும் இருப்பார்கள், ஏனென்றால் அந்த மாத்திரைகளில் சில மந்தத்தை உண்டாக்கும். அவர்களுக்குத்தான் இந்த ஒரு வரி முதலில் போய்ச் சேர வேண்டும்: டாக்டரிடம் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

நிலத்தின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். முழுச்செடி வேண்டும் என்றால் வேரோடு பிடுங்க வேண்டும். மழை வந்தால் திரும்பத் தளிர்க்கிற செடியை வேரோடு எடுத்தால் அந்த இடத்தில் அடுத்த மழைக்கு அது இல்லை. காட்டுச் சரக்கு குறையக் குறைய, மூட்டையில் எவால்வுலஸ் ஏறுவதற்கு வியாபாரி பொய்கூடச் சொல்ல வேண்டாம். அதற்கும் பெயர் சங்கபுஷ்பிதானே.

பாட்டில் வாங்குகிறவர்கள் முன்பக்கத்துப் பூப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் எந்தத் தாவரவியல் பெயர் இருக்கிறது, எந்தப் பாகம் போட்டிருக்கிறார்கள், கூட என்னென்ன சரக்கு என்று பாருங்கள். இதே மாதிரி பிரமி என்ற பெயரில் நீர்ப்பிரமியும் வல்லாரையும் இடம் மாறுகிற கதை ஒன்று இருக்கிறது. அது இதைவிட நீளம், தனியாக எழுதுகிறேன்.