வாஷிங்டனின் யுத்த நெறி: குணமும் குறையும்

வெற்றி பெற்றவனுடைய செயல்கள் யாவும், அவன் தவறி அடிவைத்த இடங்கள் உட்பட, பிற்காலத்தார் கண்ணுக்கு விவேகமாகவே தோன்றுவது உலக இயல்பு. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை எதிர்த்து அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்ற நாடுகள் 1775-ஆம் ஆண்டு முதல் எட்டு ஆண்டுகள் நடத்திய சுதந்திர யுத்தத்தைப் பற்றி எழுதுவோரும், சேனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் கையாண்ட முறையைப் புகழும்போது, பெரும்பாலும் இந்த இயல்புக்கு வசப்பட்டு விடுகின்றனர். பெரும்போரைத் தவிர்த்தல், நிலத்தை இழந்தேனும் சேனையைக் காத்தல், காலத்தை நீட்டிப் பகைவனைக் களைப்புறச் செய்தல் என்னும் இம்முறையை, ஹானிபாலோடு நேர்நின்று பொராமல் அவனை அலைக்கழித்த உரோமானியத் தளபதி பேபியஸின் பெயரோடு சேர்த்துப் பேசுவது மரபு. இது சாதித்தது என்ன, சாதிக்க இயலாமற்போனது என்ன, இதற்கு விலை கொடுத்தவர் யாவர் என்பவற்றைப் பட்சபாதமின்றி நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்முறையோடு வாஷிங்டன் களம் புகவில்லை என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். 1776-ஆம் ஆண்டுக் கோடையில், முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களோடும் பெருங்கப்பற்படையோடும் பிரிட்டிஷார் நியூயார்க்கை நெருங்கியபோது, கடற்படை சிறிதும் இல்லாத அவர், நாற்புறமும் நீர் சூழ்ந்த அந்நகரைக் காத்துநிற்கவே முயன்றார். ஆகஸ்டு 27-ஆம் தேதி லாங் தீவில் பெருந்தோல்வி நேர்ந்தது. 29-ஆம் தேதி இரவு சுமார் 9,000 வீரர்களைப் படகுகளில் ஆற்றைக் கடத்தித் தப்புவித்ததனாலேயே புரட்சி அன்று உயிர் பிழைத்தது. அடுத்த மாதத்தில், குடியேற்ற நாடுகளின் பிரதிநிதி சபையான காங்கிரஸுக்கு எழுதிய கடிதத்தில்தான், பெரும்போரை விலக்கித் தற்காப்பு யுத்தமே நடத்த வேண்டும் என்ற தம் தீர்மானத்தை அவர் விளங்க உரைத்தார். அதன் பின்னும் மனம் ஊசலாடியதால், நவம்பரில் அவர் பெயரையே தாங்கிய கோட்டையும், அதனுள் இருந்த ஏறத்தாழ 2,800 வீரரும் பகைவர் வசமாயினர்.

இவ்வளவு விலை கொடுத்துக் கற்ற நெறியின் முதற்குணம், அது அந்நாட்டின் அமைப்பை உள்ளபடி உணர்ந்திருந்தது என்பதாகும். ஐரோப்பிய யுத்தங்களில் தலைநகர் வீழ்ந்தால் அரசு பணிவது வழக்கம். ஆனால், 1777-ஆம் ஆண்டில் காங்கிரஸின் இருப்பிடமான பிலடெல்பியாவைப் பிரிட்டிஷார் கைப்பற்றியபோது, காங்கிரஸ் உள்நாட்டுக்குப் பெயர்ந்து தன் காரியங்களைத் தொடர்ந்ததேயன்றிப் புரட்சி ஒழியவில்லை. நியூயார்க்கை ஏழாண்டுகள் கையில் வைத்திருந்தும் அவர்களால் ஒரு நாட்டை ஆள இயலவில்லை. புரட்சியின் உயிர் எந்த நகரிலும் இல்லை, களத்தில் நின்ற சேனையிலேயே இருந்தது என்பதை வாஷிங்டன் கண்டுகொண்டார். அதற்கு நேர்மாறாக, 1780-ஆம் ஆண்டில் சார்ல்ஸ்டன் நகரத்தாரின் வற்புறுத்தலுக்கு இணங்கி அமெரிக்க ஜெனரல் லிங்கன் நகருக்குள்ளேயே அடைபட்டு நின்று, சுமார் 5,000 வீரரோடு சரணடைய நேர்ந்தமை, இந்நெறியைக் கைவிட்டால் விளையும் கேட்டுக்குத் தக்க சான்றாகும்.

இரண்டாவது குணம், காலத்தைப் படைக்கலமாக்கியது. பிரிட்டிஷ் சேனைக்கு வேண்டிய வீரரும் வெடிமருந்தும் உணவின் பெரும்பகுதியும் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி வாரக்கணக்கில் பயணம் செய்தே வந்து சேர வேண்டியிருந்தன. ஆகவே ஒரு வீரனை இழப்பதுகூட அவர்களுக்கு எளிதில் ஈடுசெய்ய முடியாத நஷ்டம். இந்த உண்மையைத் வாஷிங்டனினும் நுட்பமாகப் பயன்படுத்தியவர் தென்பகுதித் தளபதி நதானியல் கிரீன் என்றே சொல்ல வேண்டும். 1781-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி கில்போர்டு கோர்ட்ஹவுஸில் அவரைக் களத்தினின்று விலக்கி வெற்றி கொண்டாடிய பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் பிரபு, தம் சிறுசேனையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தார். அவ்வெற்றியின் பாரத்தைத் தாங்க மாட்டாமல் கடற்கரைக்கு ஒதுங்கி, பின்னர் வர்ஜீனியாவுக்குச் சென்றார். பெரும்போர் ஒன்றிலும் தெளிவான வெற்றி பெறாத கிரீன், அவ்வாண்டின் இறுதிக்குள் தெற்கே பிரிட்டிஷாரைச் சார்ல்ஸ்டன், சவானா முதலிய துறைமுகங்களுக்குள் ஒடுக்கிவிட்டார்.

இந்நெறி வெறும் ஒதுங்குதலாக நின்றுவிடவில்லை என்பதும் இதன் சிறப்பே. 1776-ஆம் ஆண்டு முடிவில், வீரர்களின் ஒப்பந்தக் காலம் தீர்ந்து சேனையே கரைந்துபோகும் நிலையில், வாஷிங்டன் பனிக்கட்டி மிதக்கும் டெலாவேர் நதியை இரவில் கடந்து, டிசம்பர் 26-ஆம் தேதி டிரென்டனில் கூலிப்படையினரான ஹெஸ்ஸியர் சுமார் 900 பேரைச் சிறைப்பிடித்தார். பின்வாங்கிக்கொண்டே இருக்கும் சேனையைக் குடிகள் நெடுநாள் நம்பமாட்டார்கள். நம்பிக்கை குன்றும் தருணம் அறிந்து தாக்கவும் தெரிந்திருந்தமையாலேயே பொறுமை அங்கே பலமாயிற்று.

இனி, குறைகளைக் காண்போம். தலையாய குறை, இம்முறையால் தோல்வியைத் தள்ளிப்போட முடிந்ததேயன்றி யுத்தத்தை முடிக்க முடியவில்லை என்பது. 1777-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி சரடோகாவில் பிரிட்டிஷ் தளபதி பர்காயின் ஏறத்தாழ 6,000 வீரரோடு சரணடைந்தது, வாஷிங்டன் இல்லாத வேறொரு சேனை எதிர்த்து நின்று போரிட்டதன் பயன். அச்சேனைக்கு வெடிமருந்தும் துப்பாக்கியும் பிரான்சிலிருந்து இரகசியமாக வந்திருந்தன. அவ்வெற்றியே 1778 பிப்ரவரியில் பிரான்சை வெளிப்படையான நேச நாடாக்கியது. யார்க்டவுனில் 1781 அக்டோபர் 19-ஆம் தேதி கார்ன்வாலிஸ் 7,000-க்கு மேற்பட்ட வீரரோடு பணிந்தபோதும், முற்றுகையிட்ட தரைப்படையில் பாதிக்கு அருகிலானோர் பிரெஞ்சுக்காரர். செசபீக் வளைகுடாவின் வாயிலை அடைத்து அவருடைய மீட்சி வழியை மூடியதோ முழுக்க முழுக்க தெ கிராஸின் பிரெஞ்சுக் கடற்படை.

பிரான்சும், அதன்பின் ஸ்பெயினும் ஹாலந்தும் புகுந்ததனால் யுத்தம் உலகெங்கும் பரவி, சாம்ராஜ்யம் தன் பலத்தைப் பல கரைகளில் சிதறவிட வேண்டியதாயிற்று. நம் சோழமண்டலக் கரையும் அதற்கு விலக்கில்லை. 1778-இல் புதுச்சேரி முற்றுகையிடப்பட்டது. 1780-இல் ஹைதர் அலி கர்நாடகத்தில் புகுந்து, காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலப் படையொன்றை அழித்தார். 1783 ஜூன் 20-ஆம் தேதி, ஐரோப்பாவில் சமாதானத்துக்கு வழி ஏற்பட்ட செய்தி எட்டாத நிலையில், கடலூருக்கு எதிரே பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் பொருதன. இவ்வளவு பெரிய நெருக்கடியை ஒரு சேனாதிபதியின் பொறுமை மட்டும் உண்டாக்கியது என்று கூறுவது சரித்திரத்துக்கு அநியாயம் செய்வதாகும்.

அடுத்த குறை, நீட்டிய காலத்துக்கு விலை கொடுத்தவர்களைப் பற்றியது. 1777-78 குளிர்காலத்தில் வாலி போர்ஜ் பாசறையில் சுமார் 2,000 வீரர் போர் முனையைக் காணாமலே நோயால் மாண்டனர். காங்கிரஸ் அச்சிட்ட காகிதப் பணம் மதிப்பிழந்தது. சம்பளமின்றி வாடிய பென்சில்வேனியப் படையினர் 1781 ஜனவரி முதல் தேதி கலகம் செய்தனர். அவர்களைப் பின்பற்றிய நியூஜெர்சி வீரருள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சேனை விட்டுச்சென்ற நிலம் வரைபடத்தில் வெறும் நிலம். அங்கே வாழ்ந்த குடியானவனுக்கோ அது வீடும் விளைபொருளும் மாடும். தென்பகுதியில் யுத்தம் அயலானுக்கும் அயலானுக்கும் இடையே மூண்ட உள்நாட்டுக் கலவரமாகவே மாறியது. அரச பக்தர்கள் சுமார் 60,000 பேர் இறுதியில் நாட்டைவிட்டு வெளியேறினர். 1779-ஆம் ஆண்டில் வாஷிங்டனின் ஆணைப்படி சென்ற படை, பூர்வகுடியினரான இராக்குவாய் மக்களின் நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களையும் அவர்களது பயிரையும் எரித்தது. இவையனைத்தும் இந்நெறியின் நேர்விளைவுகள் அல்ல எனினும், யுத்தத்தை நீட்டுவதே உபாயமாகக் கொண்டவன் அந்நீட்சியின் துயரத்துக்குப் பொறுப்பில்லாதவனாக மாட்டான்.

மற்றொரு ஆபத்தும் இதில் உண்டு. எல்லாவற்றையும் துறந்து காக்கப்பட்ட சேனை, நாளடைவில் நாட்டினும் தானே பெரிதென்று எண்ணத் தலைப்படலாம். 1783 மார்ச்சில் நியூபர்க் பாசறையில், ஊதியம் பெறாத அதிகாரிகள் காங்கிரஸை அச்சுறுத்தவும் துணிந்தபோது அந்த ஆபத்து வாசல்வரை வந்தது. அதைத் தடுத்து அவர்களை அடங்கச் செய்தவர் வாஷிங்டனே.

ஆக, இம்முறை சுதந்திரத்தை ஈட்டித் தந்தது என்று சொல்வது மிகை. இஃது இல்லாதிருந்தால் சுதந்திரத்தை ஈட்டித் தந்த பிற காரணங்கள் பலித்திரா என்பதே உண்மை. வந்து சேர்வதற்கு ஒரு சேனை இல்லையாயின் பிரான்சின் துணை யாருக்கு வந்திருக்கும்? நலிந்தோர் வலியோரை எதிர்க்கும்போது முதற்கடமை நிலைத்திருத்தல் என்பதை இந்நெறி ஐயமற நிறுவுகிறது. நிலைத்திருத்தலே வெற்றியென மயங்குவோருக்கு, துணையும் தருணமும் பிறரிடமிருந்து வர வேண்டியிருந்ததையும் அதே சரித்திரம் உணர்த்துகிறது. எட்டாண்டுகள் காத்த அதிகாரத்தை வாஷிங்டன் 1783 டிசம்பர் 23-ஆம் தேதி அன்னாபொலிஸ் நகரில் காங்கிரஸிடமே திருப்பி ஒப்படைத்தார். அவருடைய யுத்த நெறியைப் பின்பற்ற விழைவோர், அதன் இந்த இறுதிப் பகுதியையும் சேர்த்தே பின்பற்றக் கடமைப்பட்டவர்கள்.