டிரைவர் நிரலில் பெயரிடும் பாணிகள்

டிரைவர் எழுதுவோரிடையே மூத்தது யூனிக்ஸ் பாணி. கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' அழைப்பின் ஸ்பெல்லிங்கிலேயே கடைசி எழுத்தை விட்டவர்கள் யூனிக்ஸை எழுதியவர்கள். ஆனால் எல்லாவற்றையும் சிக்கனம் என்று தள்ளிவிட முடியாது. தொடக்கக் கால சி கம்பைலரில் எல்லா ஸ்ட்ரக்சர்களின் உறுப்புப் பெயர்களும் ஒரே பட்டியலில் கிடந்தன. பெயர்கள் மோதாமலிருக்க 'எஸ்டி_மோட்', 'எஸ்டி_சைஸ்' என்று முன்னொட்டு போட்டார்கள். அந்த நெருக்கடி எப்போதோ தீர்ந்துவிட்டது. பிஎஸ்டி டிரைவர்களில் 'எஸ்சி_' என்ற முன்னொட்டு மட்டும் இன்னும் போகவில்லை.

சார்லஸ் சிமோனியின் ஹங்கேரியன் முறை பெயரின் தலையிலேயே வகையை ஏற்றியது. அவர் கருதியது மதிப்பு எதைக் குறிக்கிறது என்ற வகை. பின்வந்தவர்கள் அதை இன்ட்டா, பாயின்டரா என்று கம்பைலருக்கே தெரிந்த சங்கதியாக்கிவிட்டார்கள். விண்டோஸ் என்டி கெர்னலோ 'டிவைஸ்ஆப்ஜெக்ட்' போன்ற முழுச் சொற்களின் பக்கம் போனது.

லினக்ஸ் கெர்னலின் நடை ஆவணம் ஹங்கேரியனைக் கடுமையாகவே ஒதுக்குகிறது. ஒரு ஃபங்ஷனுக்குள் பிறந்து மறையும் மாறிக்கு 'ஐ', 'டிஎம்பி' போதும். எங்கிருந்தும் அழைக்கப்படும் பெயர் மட்டும் விளக்கமாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. நானும் இந்தக் கட்சிதான். ஆனால் அலகு விஷயத்தில் இந்த விதி போதாது.

'டிலே' என்றொரு மாறி, மதிப்பு 50. 'எம்ஸ்லீப்' அதை மில்லிநொடியாக எடுத்துக்கொள்ளும், 'யூடிலே' மைக்ரோநொடியாக. இரண்டுக்கும் வேண்டியது வெறும் முழு எண் என்பதால் கம்பைலர் வாய் திறக்காது. மில்லிநொடி என்று நினைத்து வைத்த மதிப்பு 'யூடிலே'க்குப் போனால், சிப் விழிக்கும் முன்பே டிரைவர் அதனிடம் பேசத் தொடங்கிவிடும். 'டிலே_எம்எஸ்' என்று எழுதியிருந்தால் 'யூடிலே' அழைப்பைக் கண்டதுமே ரிவ்யூ செய்பவர் நிறுத்தியிருப்பார். டிவைஸ் ட்ரீயில் 'ரெகுலேட்டர்-மின்-மைக்ரோவோல்ட்' என்று பண்பின் பெயரிலேயே அலகு உண்டு. வெப்பநிலையைத் தரும் எச்டபிள்யூமானின் 'டெம்ப்1_இன்புட்'டில் அது இல்லை. 45000 என்றால் 45 டிகிரி என்பது ஆவணம் படித்தவருக்கே தெரியும்.

'ரெக்' என்ற பெயர் இன்னும் மோசம். ரெஜிஸ்டரின் முகவரியா, அதிலிருந்து படித்த மதிப்பா? முகவரிக்கு 'ஆஃப்செட்', மதிப்புக்கு 'வேல்' என்று பிரித்தாலே பாதிக் குழப்பம் போய்விடும். பைட் வரிசை போன்றவற்றைப் பெயரில் திணிக்க வேண்டியதில்லை. '__பிஇ32' என்று அறிவித்தால் ஸ்பார்ஸ் கருவியே பிடித்துக்கொள்ளும்.

தெளிவுபடுத்தும் ஆர்வத்தில் தொடக்கூடாதவை ரெஜிஸ்டர் பெயர்கள். இன்டெல் கையேட்டில் 'ஆர்சிடிஎல்' என்றிருப்பது இ1000 டிரைவரிலும் 'இ1000_ஆர்சிடிஎல்'தான். அதை விரித்து அழகாக்கினால், கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிழை தேடுபவர் திண்டாடிப்போவார்.