மன்னா டேயின் குரலும் இரு இசைப் போட்டிகளும்

முன்னுரை

இந்தித் திரைப்படப் பின்னணிப் பாடகருள் மரபிசைப் பயிற்சி மிக்கவராகப் போற்றப்பட்டவர் மன்னா டே. வங்காளத்தில் பிறந்து மும்பையில் புகழ்பெற்ற அவர், இறுதிக் காலத்தைப் பெங்களூரில் கழித்து, 2013 அக்டோபர் 24ஆம் நாள் தம் 94ஆம் வயதில் அந்நகரிலேயே காலமானார். 2007ஆம் ஆண்டிற்கான தாதாசாகேப் பால்கே விருது பெற்ற அவர், முன்னணிக் கதைத்தலைவர் எவருக்கும் நிலையான குரலாக அமைந்ததில்லை. இம்முரணை அவர் பாடிய இரு போட்டிப் பாடல்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

பயிற்சியும் பணியும்

1919 மே முதல் நாள் கொல்கத்தாவில் பிறந்த அவரது இயற்பெயர் பிரபோத் சந்திர டே. பார்வையிழந்த பாடகரும் இசையமைப்பாளருமான சிற்றப்பா கிருஷ்ண சந்திர டேயே அவருக்கு முதல் ஆசான். 1942இல் அவருடன் மும்பை சென்று, 'தமன்னா' படத்தில் பாடினார். பின்னர் உஸ்தாத் அமான் அலி கான், உஸ்தாத் அப்துல் ரகுமான் கான் ஆகியோரிடம் இந்துஸ்தானி இசை பயின்றார்.

'ஸ்ரீ 420' (1955), 'சோரி சோரி' (1956) ஆகியவற்றில் ராஜ்கபூருக்குப் பாடியபோதும், அந்நடிகரின் குரலாக முகேஷே நிலைபெற்றார். மன்னா டேக்கு வாய்த்தவை 'காபூலிவாலா'வின் (1961) பல்ராஜ் சாஹ்னி, 'உப்கார்' (1967) படத்தின் பிராண் போன்றோர் ஏற்ற பாத்திரங்களும், மெஹ்மூதின் நகைச்சுவைப் பாத்திரங்களுமே ஆகும். காதல் தலைவனின் குரல் கல்லாமலே கைவந்தது போல ஒலிக்க வேண்டும் என்பது அக்காலத் திரைமரபு. பயின்ற குரல் முதுமைக்கும் துயருக்கும் நகைப்புக்கும் உரியதாக ஒதுக்கப்பட்டது எனலாம்.

வென்ற போட்டி

'பசந்த் பஹார்' (1956) படத்தில் கதைத்தலைவன் அரசவைப் பாடகரை இசைப்போட்டியில் வெல்கிறான். தோற்பவருக்குக் குரல் தந்தவர் கர்நாடகத்தில் பிறந்த பீம்சேன் ஜோஷி. வெல்பவனுக்குப் பாடியவர் மன்னா டே. அம்மேதையை வெல்வதுபோல் பாடத் தாம் அஞ்சியதையும், மனைவி சுலோசனா ஊக்கியதையும் அவர் பின்னாளில் கூறியுள்ளார். கதை அளித்த வெற்றியை இசையின் தீர்ப்பாக அவர் கொள்ளவில்லை என்பது நோக்கத்தக்கது.

தோற்ற போட்டி

'படோசன்' (1968) இதன் மறுதலை. 'பாஷேர் பாரி' (1952) என்னும் வங்காளப் படத்தின் கதையே தமிழில் 'அடுத்த வீட்டுப் பெண்' (1960) ஆகவும், பின் இந்தியில் 'படோசன்' ஆகவும் வந்தது. இந்தி வடிவில் இசையாசிரியர் பிள்ளை என்னும் தென்னாட்டவர். நடித்தவர் மெஹ்மூத், பாடியவர் மன்னா டே. பாடத் தெரியாத தலைவன் வாயை மட்டும் அசைக்க, மறைந்திருக்கும் நண்பனாகக் கிஷோர் குமார் பாடுகிறார். ஆசிரியர் தோற்கிறார்.

இங்குப் பின்னணிப் பாடல் என்னும் உத்தியே கதைப்பொருளாகிறது. கதைக்குள் சொந்தக் குரலில் பாடுபவர் தோற்க, இரவல் குரலில் வாயசைப்பவன் வெல்கிறான். நகைப்புக்குக் களமாவது ஆசிரியரின் உச்சரிப்பும் தோற்றமுமே, இசைப்பிழை அன்று. தென்னாட்டு இசையாசிரியரைக் கேலிப்பொருளாக்கும் இச்சித்திரிப்பு குறையுடையதே. ஆயினும் அதற்குள்ளும் சுரத்தூய்மையைப் பாடகர் கைவிடவில்லை. சுரவரிசைகள் கேலியாகச் சிதையாமல் இசையாகவே நிற்பதால்தான் அப்போட்டி போட்டியாகிறது.

முடிவுரை

தென்னாட்டு ஒலிப்பை நகைப்புக்காக ஏற்ற இக்குரல், மூன்றாண்டுகளுக்கு முன்னர் 'செம்மீன்' (1965) படத்தில் சலில் சௌத்ரியின் இசையில் மலையாளப் பாடலொன்றைப் பிரிவுத்துயர் ததும்பப் பாடியது. சுலோசனா கேரளத்தைச் சேர்ந்தவர் என்பதும் இங்கு நினையத்தக்கது. மொழியும் பாத்திரமும் வெற்றியும் தோல்வியும் பிறர் வகுத்தவை. அவற்றுக்குள் சுரத்தைக் காத்தது மட்டுமே பாடகருக்கு உரியது. தலைவனின் குரல் ஆகாமை அவருக்கு இழப்பே. எனினும் அவர் கலையை அளக்க அது அளவுகோல் ஆகாது.