தடை யாருடைய மனதில்?

குடியேறிய சமூகங்களின் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிய தாதியர் ஆய்வுகள் பலவற்றுக்கு அடித்தளம் 'சுகாதார நம்பிக்கை மாதிரி'. இலவசமாகச் செய்யப்பட்ட காசநோய் எக்ஸ்றே பரிசோதனைக்கும் மக்கள் ஏன் வருவதில்லை என்று 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையின் உளவியலாளர்கள் கேட்டதிலிருந்து பிறந்தது அது. 1984இல் தாதியர் ஆய்வாளர் விக்டோரியா சம்பியன் அதை மார்பகச் சுயபரிசோதனை பற்றிய அளவுகோலாக்கினார். பின்னர் அது கொரியம், துருக்கி, அரபு எனப் பல மொழிகளுக்குப் போயிற்று.

இம்மாதிரியின் சிக்கல் 'உணரப்படும் தடைகள்' என்ற சொற்றொடரிலேயே இருக்கிறது. தடை பெண்ணின் மனதில் இருப்பதாக முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் பொதிகட்டும் பெண் பரிசோதனைக்குப் போனால், போன மணித்தியாலங்களுக்குச் சம்பளம் இல்லை. இது அவளுடைய உணர்வு அல்ல. சம்பளச் சீட்டில் இருக்கும் கணக்கு.

'விதிவாதம்' என்ற கருத்தும் இப்படியே. 1990களில் பார்பரா போ ஆபிரிக்க அமெரிக்க முதியவர்களிடம் அதை அளக்க 15 கூற்றுகள் கொண்ட பட்டியலை உருவாக்கினார். வறுமையையும் பாகுபாட்டையும் அதன் வேர்களாக அவரே காட்டினார். ஆனால் கருத்து கைமாறும்போது வேர்கள் உதிர்ந்து, 'கலாசாரம்' மட்டும் மிஞ்சுகிறது. 'கடவுள் விட்ட வழி' என்று எங்கள் அம்மாமார் சொல்வது, செய்யவேண்டியதையெல்லாம் செய்து முடித்த பின்னர்தான். அதை எந்தக் கட்டத்தில் புள்ளடியிடுவது? ஒருகாலத்தில் மாணவருக்கு வினாக்கொத்துத் தயாரிக்கக் கற்பித்தவன் நான். இக்குறையில் எனக்கும் பங்குண்டு.

இதற்கு மாற்றாக நான் மதிப்பது நியூசிலாந்தின் மாவோரித் தாதி இரிஹாபெட்டி ராம்ஸ்டன் முன்வைத்த 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்ற கருத்தை. 1992இல் அந்நாட்டுத் தாதியர் பேரவை அதைத் தாதியர் கல்வியில் சேர்த்தது. தாதி முதலில் பரிசோதிக்க வேண்டியது தன் கையிலுள்ள அதிகாரத்தை. பராமரிப்பு பாதுகாப்பானதா என்று தீர்ப்புச் சொல்ல உரியவர் அதைப் பெறுபவரே.

தீர்ப்புச் சொல்ல வேண்டிய நாம் என்ன செய்கிறோம்? பன்னிரண்டு வயது மகளை மொழிபெயர்ப்பாளராக வைத்தியர் முன் இருத்துகிறோம். தாயின் நோயின் பெயரை அந்தப் பிள்ளை விழுங்கிவிடுகிறது. மரண அறிவித்தலிலும் புற்றுநோயைச் 'சுகவீனம்' என்றே எழுதுகிறோம். ஆய்வாளர்கள் எம்மைத் தவறாக வாசிக்கிறார்கள் என்று இந்தப் பக்கங்களில் எழுதுவது சுலபம். பயிற்சிபெற்ற, வயதுவந்த மொழிபெயர்ப்பாளரைக் கேள் என்று எமது பெண்களுக்குச் சொல்வதிலிருந்தாவது நாம் தொடங்குவோம்.