தலைமன்னாருக்குக் கப்பல் வரும்
ஆங்கில வினைக்காலமும் தமிழ் மாணவரும் பற்றிய ஒரு நோக்கு

தமிழ்மொழி மூலம் கல்வி பயிலும் மாணவர் ஆங்கிலம் எழுதுமிடத்து அவர்க்குப் பெரிதும் இடர் தருவது வினைச்சொல் என்பது ஆசிரியர் பலரும் ஒப்புக்கொள்வதொன்றாகும். இதற்குக் காரணம் யாதென வினவின் வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒன்றே. தமிழுக்குக் காலம் மூன்று, ஆங்கிலத்துக்குப் பன்னிரண்டு, ஆகவே மூன்றை உடையவன் பன்னிரண்டைப் பெற அட்டவணையை மனனஞ் செய்தல் வேண்டும். கரும்பலகையிலும் பயிற்சி நூல்களிலும் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் இவ்வட்டவணை, இலக்கணம் கற்பிக்கும் ஓர் உத்தியாக மட்டும் அமையவில்லை. தன் மொழி குறையுடையது என்ற எண்ணத்தையும் அது மாணவன் உள்ளத்திற் பதித்துவிடுகின்றது. அக்கூற்று இருபுறமும் பிழையானது என்பதையும், அப்பிழையின் சமூக விளைவு சிறிதன்று என்பதையும் எடுத்துக்காட்டுவதே நமது நோக்கமாகும்.

இதற்குத் தலைமன்னாரை நாம் தேர்ந்துகொண்டமைக்குக் காரணமுண்டு. 1914 ஆம் ஆண்டு தொடக்கம் தனுக்கோடியிலிருந்து கப்பலும் கொழும்பிலிருந்து புகையிரதமும் வந்து கூடிய இறங்குதுறை அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுக்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்ற கப்பற்சேவை 1980களின் நடுப்பகுதியில் இனப்போரினால் நின்றது. 1990 இல் நின்ற புகையிரதம் 2015 இலேயே மீண்டும் தலைமன்னாரை அடைந்தது. வருதல், நிற்றல், மீண்டும் வருதல் என்ற வினைகளே இவ்வூரின் வரலாறாக உள்ளன.

இவ்வூர் முதியவர் ஒருவர், “அப்பவெல்லாம் கப்பல் வரும், சனம் இறங்கும்” என்று கூறுவாராயின் அத்தொடரின் வடிவம் எதிர்காலம்; பொருளோ இறந்தகாலத்து வழக்கம். கேட்கும் தமிழர் எவர்க்கும் இதில் மயக்கம் ஏற்படுவதில்லை. அட்டவணையை மட்டும் கற்ற மாணவன் இதனை ஆங்கிலத்தில் எழுதப்புகின், ‘உம்’ ஈற்றுக்கு நேரானது ‘வில்’ என்ற நினைவினால் ‘வில் கம்’ என்று எழுதிவிடுவான். ‘யூஸ்ட் டு கம்’ என்று அமையவேண்டிய வாக்கியம், நின்றுபோன கப்பல் நாளை வரப்போகின்றது என்ற செய்தியாக மாறிவிடுகின்றது. மாணவனுக்குக் காலவுணர்ச்சி இல்லாமையால் இது நேரவில்லை. வடிவமும் பொருளும் ஒன்றே என்று அவனுக்குக் கற்பித்தமையால் நேர்ந்தது.

‘உம்’ ஈற்று வினை எதிர்காலத்துக்கே உரியதன்று என்பதனை நம் இலக்கணகாரர் நன்கறிவர். முக்காலத்திலும் மாறாது நிகழும் இயற்கைப் பொருளை நிகழ்காலத்துக்குரிய பொதுச்சொல்லாற் கூறவேண்டும் என்று தொல்காப்பிய வினையியல் விதிக்கின்றது. ‘மலை நிற்கும்’ என்பது உரைகாரர் காட்டும் உதாரணம். ஆங்கிலத்தின் எளிய நிகழ்கால வடிவம் செய்யும் பணியும் இதுவேயாகும். சூரியன் கிழக்கே உதிக்கும், கடல் உப்புக் கரிக்கும், புகையிரதம் காலையிற் புறப்படும் என்பனவற்றை ஆங்கிலம் அவ்வடிவத்திலேயே கூறும். தொல்காப்பிய நூற்பா ஒன்றைத் தமிழ்ப் பாடவேளையிற் படித்த மாணவனுக்கு, அடுத்த பாடவேளையில் ஆங்கில ஆசிரியர் அதனை நினைவூட்டினாற் போதும். ‘த மவுண்டன் வில் ஸ்டாண்ட்’ என்று அவன் எழுதமாட்டான். ஆயின் அவ்விரு பாடவேளைகளுக்குமிடையே நாம் சுவர் எழுப்பியுள்ளோம்.

காலம் பிறழ்ந்து வருவதனையும் நம் மரபு வழுவெனத் தள்ளிவிடவில்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னுங் காரணங்களாற் காலம் மயங்கலாம் என நன்னூல் வகுக்கின்றது. அழைத்தவருக்கு வீட்டுக்குள்ளிருந்தே “இந்தா வந்திட்டன்” என்று விடையிறுப்பவர் இன்னும் புறப்படவேயில்லை. விரைவு கருதி எதிர்காலம் இறந்தகாலமாயிற்று. அதே நிலையில் ஆங்கிலேயர் நிகழ்காலத் தொடர்வினையைக் கையாள்வர். இரு மொழியினரும் கூற விழைவது ஒன்றே. தேர்ந்த வடிவங்கள் வேறு. இவ்வேறுபாட்டைக் கற்பிப்பதே இலக்கணம் கற்பித்தலாகும்.

இனி, அட்டவணை முறையின் மிகப் பாரிய குறைபாட்டை நோக்குவாம். ‘வந்திருக்கிறான்’ என்பதற்கு நேர் ‘ஹாஸ் கம்’ என்று அது கூறும். பலவிடங்களில் இது பொருந்தும். ஆயின் “நேற்று இராத்திரி ஆரோ வந்திருக்கிறான்” என்று மணலிற் காலடி கண்டவர் கூறும்பொழுது, ‘இரு’ என்னும் துணைவினை காலத்தைக் குறிக்கவில்லை. தான் நேரிற் காணவில்லை, தடயத்தைக்கொண்டு உணர்ந்தேன் என்னும் அறிவின் நிலையையே அது குறிக்கின்றது. ஆங்கில நிறைவு வடிவத்துக்கு இப்பொருள் இல்லை. ‘நேற்று’ என்ற கழிந்த காலக்குறிப்போடு அது சேர்வதுமில்லை. எனவே மாணவன் ‘யெஸ்டடே’ என்பதோடு ‘ஹாஸ் கம்’ எழுதுகின்றான். ஆசிரியர் அதனை வெட்டி ‘கேம்’ என்று திருத்துகின்றார். வடிவம் சரியாகிவிடுகின்றது. ஆனால் ‘நான் காணவில்லை’ என்ற பொருள் அத்திருத்தத்திலே தொலைந்துபோகின்றது. ‘மஸ்ட் ஹாவ் கம்’ என்று எழுதவேண்டும் எனக் கூறுவாரில்லை. ஏனெனில் அட்டவணையின் பன்னிரண்டு கட்டங்களுள் அதற்கு இடமில்லை.

இது வகுப்பறையோடு முடிவதன்று. 1980களிலும் 1990களிலும் மன்னார்க் கரையிலிருந்து தோணியேறி இராமேசுவரத்தை அடைந்து மண்டபம் முகாமில் தங்கியோர் பலர். இலங்கைத் தமிழர் பலர் மேலைநாடுகளிலும் புகலிடம் கோரினர். தம் துயரைப் பிறமொழி அலுவலர் முன் கூறவேண்டிய ஒருவர், “வீட்டை எரிச்சிருக்கிறாங்கள்” என்று சொல்லுமிடத்துத் தாம் திரும்பிச்சென்று சாம்பலைக் கண்டதனையே கருதியிருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் அதனை எளிய இறந்தகாலத்தில் மாற்றின் எரித்தபோது அவர் அங்கு நின்றார் என்று கொள்ளப்படும். மறுமுறை வினவும்போது “நான் காணேல்லை” என்று அவர் உண்மை கூறின், முன்னுக்குப்பின் முரணென்று அது குறிக்கப்படக்கூடும். ஒரு துணைவினையின் பொருள் தவறியதனால் உண்மை பேசியவர் பொய்யராகின்றார்.

சட்டத்தின் ஆங்கிலத்திலும் வினைக்காலத்தின் வலிமையைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கி நடந்தே மலைநாடு சென்றோரின் வழித்தோன்றல்கள், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் அவர்க்குப் பதிவுபெற வழியொன்றைக் காட்டிற்று. 1946 ஜனவரி 1 இற்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வதிந்திருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேற்பட்டு நாட்டைவிட்டு நீங்கியிருப்பின் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். ‘வந்தீரா’ என்பதன்று கேள்வி; ‘தொடர்ந்து இருந்துவந்துள்ளீரா’ என்பதே கேள்வி. “எப்ப வந்தனீங்கள்?” என்று கேட்கப்பட்ட ஒரு தொழிலாளி, ஊர்க் கோயிற்றிருவிழாவுக்குச் சென்று தலைமன்னார் வழியே இறுதியாகத் திரும்பிய நாளைக் கூறின், நிறைவுத் தொடர்வினையாற் கேட்கப்பட்ட வினாவுக்கு எளிய இறந்தகாலத்தில் விடையளித்தவராவார். ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பிற் சமர்ப்பிக்கப்பட்ட விண்ணப்பங்களின்வழி பதிவுபெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குரியோராகக் கணக்கிட்டது. அவருட் பல்லாயிரவர் இதே இறங்குதுறையிற் கப்பலேறினர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் நிரந்தரமாக வதிந்துவருதல் என்பதனையே அளவுகோலாகக் கொண்டது.

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்தல் அவசியம். ஆங்கில வினைக்காலத்தை அறிந்திருப்பின் அத்தொழிலாளர் குடியுரிமை பெற்றிருப்பர் என்று நாம் வாதிடவில்லை. அவர்தம் உரிமையைப் பறித்தது வர்க்க, இன நலன் சார்ந்த அரசியல் முடிவே; இலக்கணமன்று. ஆயின் அம்முடிவு நடைமுறைப்படுத்தப்பட்டது வினாக்களாலும் படிவங்களாலும் ஆகும். படிவத்தின் வினையை வாசிக்கமாட்டாதவர் தம்மீது செய்யப்படும் அநீதியின் வாயிலை அறியமாட்டார். அறியாததனை எதிர்த்து வாதிடவும் மாட்டார்.

இவ்விடத்தில் முற்போக்காளராகிய நம்மவர் சிலருடன் நாம் மாறுபடவேண்டியுள்ளது. ஆங்கிலத்தில் ‘சரி’, ‘பிழை’ என்பன காலனித்துவத்தின் எச்சங்கள், கிராமத்து மாணவன் பொருள் விளங்க எழுதினாற் போதும் என்பது அவர்தம் கருத்து. ‘வில் கம்’ எழுதிய மாணவனின் பொருள் விளங்கவில்லை என்பதை மேலே கண்டோம். நகர்ப்புற உயர்வர்க்கத்தினர் தம் பிள்ளைகளுக்கு இத்தகைய சலுகையை ஒருபோதும் வேண்டார். அவர்தம் வீட்டில் ஆங்கிலம் பேச்சுமொழி. ஏனையோர்க்குப் பாடசாலையே அதன் ஒரே வாயில். அவ்வாயிலிற் கண்டிப்பைத் தளர்த்துவது இரக்கம்போலத் தோன்றினும், விளைவிலே வாயிலை அடைப்பதாகும். மறுபுறம், உச்சரிப்பையும் ஓரிரு பிழைகளையும் கொண்டு ஒருவனின் அறிவை அளந்து நகைக்கும் ஆங்கிலப் பெருமிதக்காரரையும் நாம் ஏற்பதற்கில்லை. திருத்தம் வேறு; இழிவுபடுத்தல் வேறு.

அவ்வாறாயின் அட்டவணை எங்கிருந்து வந்தது? நுணுகி நோக்கின் ஆங்கில வினைக்கு வடிவாலமைந்த காலங்கள் நிகழ்வும் இறப்புமாகிய இரண்டே. ஏனையவை தொடர்ச்சி, நிறைவு, கருத்து ஆகியவற்றைத் துணைவினைகளால் உணர்த்துவன. இலத்தீன் இலக்கண அச்சிலே ஆங்கிலத்தை வார்த்ததன் விளைவே இந்தக் கால வரிசை. அதே அச்சு நம் கடற்கரைக்கும் வந்ததுண்டு. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையிற் பணியாற்றிய யேசுசபைத் துறவி ஹென்றிக்கே ஹென்றிக்கசு, போர்த்துக்கேய மொழியில் எழுதிய தமிழிலக்கணத்தில், இலத்தீன் மரபுவழி வந்த வகைகளைக்கொண்டு தமிழ் வினையை விளக்கமுயன்றார். அயலார் நம் மொழியைத் தம் அச்சில் நோக்கினர். நாமோ ஆங்கிலத்தையும் அதே அச்சிலே நோக்கிக்கொண்டிருக்கிறோம். கொண்டிரு, விடு, போடு, இரு என்னுந் துணைவினைகளால் தமிழ் உணர்த்தும் நுண்பொருள்களை எண்ணுவோமாயின், மூன்று, பன்னிரண்டு என்ற கணக்கு தானே உடைந்துவிடும்.

செய்யவேண்டியது அரிதன்று. ஆங்கிலப் பாடத்தை அட்டவணையிலிருந்து தொடங்காது மாணவனின் பேச்சிலிருந்து தொடங்குதல் வேண்டும். “கப்பல் வந்தது”, “கப்பல் வந்திருக்குது”, “கப்பல் வந்துகொண்டிருக்குது”, “கப்பல் வரும்”, “அப்பவெல்லாம் கப்பல் வரும்” ஆகிய ஐந்தையும் தலைமன்னார்ச் சிறுவன் பிழையின்றி வேறுபடுத்துவான். எதைக் கண்டான், எதை உணர்ந்தான், எது வழக்கம், எது முடிந்தது என்பதை முதலில் தமிழிற் கூறச் செய்து, அப்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் தேரும் வடிவத்தைக் காட்டுவதே முறையாகும். அதற்குத் தமிழிலக்கணமும் அறிந்த ஆங்கில ஆசிரியர் தேவை. அத்தகையோரை உருவாக்கும் பொறுப்பு நம் பல்கலைக்கழகங்களின் தமிழ், ஆங்கிலத் துறைகள் இரண்டையுஞ் சார்ந்தது. அவை இன்னும் ஒன்றையொன்று நோக்காதிருப்பின், கடற்கரைச் சிறுவன் தன் ஊரின் கடந்தகாலத்தை எதிர்காலமாக எழுதுவதற்கு அவனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.